மகளுக்கு அம்மை போட்டபோது வாங்கிய காலமைன் லோஷன்

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் வேலை பார்க்கிறேன். மருந்து அட்டைப்பெட்டிகளும் எங்களிடம் அச்சுக்கு வரும். அதனால் பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று படிக்கிற பழக்கம் கையோடு ஒட்டிக்கொண்டது. இந்தப் பங்குனியில் அது உதவியது.

மகளுக்கு ஆறு வயது. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பள்ளிச் சட்டை மாட்டிவிடும்போது முதுகில் மூன்று முத்துகள் தெரிந்தன. சாயங்காலத்துக்குள் நெஞ்சு, வயிறு, தலைமுடிக்குள் என்று எல்லா இடத்திலும் வந்துவிட்டன. என் அம்மா வாசலில் வேப்பிலை செருகிவிட்டு, இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டார். நான் பிள்ளையை டாக்டரிடம் தூக்கிப் போனேன். "சின்னம்மைதான். தானா அடங்கும். அரிப்புக்குக் காலமைன் லோஷன் தொட்டு வைங்க, நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்க, தண்ணி நிறையக் குடுங்க" என்றார். வைரஸை அடக்கும் மாத்திரை வேண்டாமா என்று கேட்டேன். பெரியவர்கள், பன்னிரண்டு வயதைத் தாண்டியவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் என்றால் முத்து தெரிந்த முதல் நாளிலேயே ஆரம்பிக்க வேண்டும், நல்ல திடமான சின்னப் பிள்ளைக்குப் பெரும்பாலும் தேவைப்படாது என்று சொன்னார்.

கடையில் காலமைன் என்று கேட்டதும் முதலில் எடுத்துத் தந்தது முகத்துக்குப் போடும் பூச்சு. பெயரில் காலமைன் இருக்கிறது, ஆனால் வாசனையும் சேர்த்திருக்கிறார்கள். அம்மை முத்துக்கு அது வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தேன். அடுத்து வந்த பாட்டிலில் காலமைனோடு டைஃபென்ஹைட்ரமின் என்ற அலர்ஜி மருந்தும் கலந்திருந்தது. பொடி எழுத்தில் அதைப் பார்த்ததும் டாக்டருக்குப் போன் செய்தேன். உடம்பு முழுக்கப் புண் இருக்கிற பிள்ளைக்கு அதைத் தடவினால் தோல் வழியாக உள்ளே போய் மயக்கம், பிதற்றல் வரைக்கும் கொண்டுவிடலாம், சாதாரணக் காலமைனே போதும் என்றார். மூன்றாவதாகத்தான் சரியான பாட்டில் வந்தது: 100 மில்லி, 95 ரூபாய், லேபிளில் 'காலமைன் லோஷன் ஐ.பி.' (இந்திய மருந்துத் தர நூலின்படி செய்தது) என்று இருந்தது. நீங்கள் வாங்கும்போதும் இதையே பார்த்து வாங்குங்கள்.

இந்த லோஷன் துத்தநாக ஆக்சைடு தூளைத் தண்ணீரில் கலக்கியதுதான். கொஞ்சம் இரும்பு ஆக்சைடு சேர்வதால் இளஞ்சிவப்பாக இருக்கிறது. தூள் அடியில் தங்கிவிடும் என்பதால் ஒவ்வொரு தடவையும் நன்றாகக் குலுக்க வேண்டும். முதல் நாள் ராத்திரி நான் குலுக்காமல் ஊற்றி, வெறும் தண்ணீரைத்தான் தடவியிருக்கிறேன். பிள்ளை இரண்டு மணி வரைக்கும் தூங்கவில்லை.

மறுநாள் குலுக்கித் தடவியபோது வித்தியாசம் தெரிந்தது. தடவிய இடத்தில் ஈரம் காயக் காய ஜில்லென்று இருக்கும், அரிப்பு அடங்கும். எங்கள் பிள்ளைக்கு அது ஒன்றரை மணி நேரம், சில சமயம் இரண்டு மணி நேரம் தாங்கியது. அவ்வளவுதான். முத்து சீக்கிரம் காயவும் இல்லை, புதிதாக வருவது நிற்கவும் இல்லை. தழும்பு வராமல் தடுக்கும் என்று எதிர்பார்த்து இதை வாங்காதீர்கள். சொறியாமல் இருந்தால் தழும்பு குறையும், சொறியாமல் இருக்க இது கைகொடுக்கும். ராத்திரி படுக்கப் போகும் நேரத்துக்கு அந்த ஒன்றரை மணி நேரம் எவ்வளவு பெரியது என்பது பக்கத்தில் உட்கார்ந்து விசிறியவர்களுக்குத் தெரியும்.

நான் கண்டுபிடித்த வழி இது. சின்னக் கிண்ணத்தில் இரண்டு ஸ்பூன் அளவு ஊற்றி, மண்பானைத் தண்ணீர் இருக்கிற தட்டில் கிண்ணத்தைக் கொஞ்ச நேரம் வைப்பேன். பஞ்சால் தேய்க்காமல் ஒவ்வொரு முத்தின் மேலும் ஒற்றி வைப்பேன். கைக்கும் காலுக்கும் அவளையே காது குடையும் பஞ்சுக் குச்சியால் வைக்கச் சொன்னேன். ஒவ்வொன்றையும் எண்ணிக்கொண்டே வைத்தாள், அந்த நேரம் முழுக்கச் சொறியவில்லை. கண் பக்கத்திலும், வாய்க்குள்ளும், ஒன்றுக்குப் போகும் இடத்திலும் இதைப் போடவே கூடாது. ஒன்றுக்குப் போகும்போது எரியுது என்று அழுதவளுக்கு, போகும்போதே வெதுவெதுப்பான தண்ணீரை மெதுவாக ஊற்றினோம். அது கேட்டது.

குறை என்றால், பூசியதன் மேலேயே திரும்பத் திரும்பப் பூசினால் சுண்ணாம்பு போலக் காய்ந்து தோலை இழுக்கிறது. மூன்றாம் நாள் அவள் முதுகு முழுக்க அப்படி வெடித்திருந்தது, எனக்கே பார்க்கப் பொறுக்கவில்லை. தலைமுடிக்குள் போட்டால் கட்டி கட்டியாக ஒட்டிக்கொள்ளும், அங்கே போடுவதை நிறுத்திவிட்டேன். பழையதைக் கழுவிவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும்.

கழுவுவதில்தான் வீட்டில் பேச்சு வந்தது. தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள் வரைக்கும் உடம்பில் தண்ணீர் படக்கூடாது என்பது அம்மாவின் வழக்கம். வேர்வையில் பிள்ளைக்கு அரிப்பு இரண்டு மடங்கு ஆனது. தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டலாம், தேய்க்காமல் துணியால் ஒற்றி எடுத்தால் போதும் என்று டாக்டர் சொன்னதை அம்மாவிடமே போனில் சொல்ல வைத்தேன். அம்மா யோசித்துவிட்டு, அண்டாவில் வேப்பிலை போட்டு வெயிலில் வைத்தார். சாயங்காலம் அந்த இளஞ்சூட்டுத் தண்ணீரைத் தன் கையாலேயே ஊற்றினார். "அப்பத்தா, இன்னும் ஊத்து" என்று பிள்ளை கேட்டதும் அம்மா முகம் மலர்ந்துவிட்டது. வேப்பிலை மஞ்சள் அரைத்து உடைந்த முத்துகளில் அப்புவதை மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன், அதற்கும் சம்மதித்தார். குளித்து ஈரத்தை ஒற்றிவிட்டு, உடனே மெல்லிசாக ஒரு பூச்சு லோஷன், பழைய வேட்டியை விரித்துப் படுக்கை. அன்றைக்குத்தான் விடியும் வரைக்கும் தூங்கினாள்.

வாய்க்குள்ளும் முத்து இருந்ததால் உறைப்பும் புளிப்பும் ஆகவில்லை. ஆறிய கேப்பைக் கூழில் மோர் ஊற்றியது, இளநீர், நுங்கு இவைதான் இறங்கின. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், அதுவும் எடைக்குத் தக்கபடி. அந்தச் சிரப் 5 மில்லியில் 120 மில்லிகிராம், 250 மில்லிகிராம் என்று இரண்டு வீரியத்தில் வருகிறது, பாட்டில் ஏறக்குறைய ஒன்று போலவே இருக்கும். பார்த்துக் கொடுங்கள். ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது, கல்லீரலையும் மூளையையும் தாக்கிவிடலாம். ஐபுப்ரோஃபெனும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

ஐந்தாம் நாள் முழங்காலுக்குப் பின்னால் ஒரு முத்து மட்டும் சுற்றிலும் சிவந்து, சூடாக, வீங்கி இருந்தது. தூக்கத்தில் சொறிந்திருக்கிறாள். அதற்கு லோஷன் போட்டுக்கொண்டு காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் காட்டினோம். சீழ் பிடிக்க ஆரம்பித்திருக்கிறது என்று ஆன்டிபயாடிக் கொடுத்தார். மூச்சு வாங்கினாலும், எழுப்ப முடியாமல் அசந்து தூங்கினாலும், வாந்தி நிற்காவிட்டாலும் ஒரு நிமிடமும் காத்திருக்க வேண்டாம் என்றும் சொன்னார். மாடி வீட்டுப் பெண் ஆறு மாதக் கர்ப்பம். முதல் நாளே அவளிடம் விஷயத்தைச் சொல்லி அவளுடைய டாக்டரைப் பார்க்கச் சொல்லிவிட்டோம், சின்ன வயதில் அவளுக்கு அம்மை வந்து போயிருந்ததால் நிம்மதி.

எல்லா முத்தும் பொருக்குத் தட்டி ஒன்பதாம் நாளில் தலைக்குத் தண்ணீர் ஊற்றினோம். அதற்குப் பிறகுதான் பள்ளிக்கு அனுப்பினேன். லோஷன் மொத்தம் இரண்டு பாட்டில் ஆனது.

சின்னவனுக்கு இரண்டு வயது, சின்னம்மைத் தடுப்பூசி போட்டதில்லை. அரசு இலவசமாகப் போடும் பட்டியலில் அது இல்லாததால் நாங்களும் விட்டுவிட்டோம், அது எங்கள் தப்பு. அக்காவுக்கு முத்து தெரிந்த மூன்றாம் நாளே டாக்டர் அவனுக்கு ஊசி போட்டார். ஐந்து நாளுக்குள் போட்டால் வராமலும் போகலாம், வந்தாலும் லேசாகப் போகும் என்றார். பதினைந்தாம் நாள் வயிற்றில் முத்து எட்டிப் பார்த்தது. எண்ணிப் பார்த்தோம், மொத்தமே பதினோரு முத்து. கிண்ணத்தையும் பஞ்சுக் குச்சியையும் அவள் எடுத்துக்கொண்டு வந்து தம்பிக்குத் தானே வைத்துவிட்டாள். அவனுக்காக வாங்கிய மூன்றாவது பாட்டிலில் முக்கால்வாசி அப்படியே இருக்கிறது.