தெருவில் ஓடும் மழைநீருக்கு எது சரி: கான்கிரீட் வடிகாலா, செடி வாய்க்காலா, உறைகிணறா?

பருவமழையின் முதல் தண்ணீர் சென்னைத் தெருக்களில் கறுப்பாகத்தான் ஓடும். மாதக்கணக்கில் படிந்த தூசி, டயர் தேய்ந்த பொடி, சிந்திய ஆயில், நாய்க் கழிவு எல்லாம் அதில் கரைந்திருக்கும். கான்கிரீட் வடிகால் இதை அப்படியே கூவத்துக்கோ அடையாற்றுக்கோ பக்கிங்காம் கால்வாய்க்கோ கொண்டு சேர்க்கிறது. உறைகிணறு நேராக நிலத்தடிக்கு இறக்குகிறது. மணல் கலவை நிரப்பிச் செடி நட்ட தெருவோரப் பள்ளமான செடி வாய்க்கால் ஒன்றுதான் நடுவில் வடிகட்டுகிறது. ஆனால் பெருமழையைத் தாங்கும் வலு அதற்குக் கிடையாது. வெள்ளத்துக்குத் தீர்வு என்று சொல்லி அதை விற்பவர்களை நம்ப வேண்டாம்.

கணக்குப் போட்டால் விளங்கும். 100 மீட்டர் நீளத் தெரு. சாலையும் வீட்டு முன்பகுதிகளுமாக 1,200 சதுர மீட்டரில் விழுவது ஓடிவருகிறது என்று வைத்துக்கொள்வோம். 25 மி.மீ. மழைக்கு 30,000 லிட்டர். தெருவோரம் 1.2 மீட்டர் அகலத்தில் 60 மீட்டர் நீளத்துக்கு வாய்க்கால் வெட்டினால் 72 சதுர மீட்டர் கிடைக்கும். மேலே 15 செ.மீ. தேங்கும் இடத்தில் 10,800 லிட்டர் நிற்கும். 60 செ.மீ. மண் கலவையின் இடுக்குகளில் சுமார் 8,600, அடியில் 30 செ.மீ. ஜல்லியில் இன்னொரு 8,600. ஆக 28,000 லிட்டர். அழுக்கு அதிகம் உள்ள முதல் 25 மி.மீ. ஏறக்குறைய முழுவதும் இதில் அடங்கிவிடும். 2015 டிசம்பர் 1-2இல் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியதே, அந்த அளவு வந்தால் இதே தெருவில் கிட்டத்தட்ட ஆறு லட்சம் லிட்டர் ஓடும். எனவே வழிந்தோடும் வாய் வைத்து வடிகாலோடு இணைக்காமல் செடி வாய்க்கால் கட்டவே கூடாது.

மண்தான் தீர்மானிக்கும்

திருவான்மியூர், கொட்டிவாக்கம், சாந்தோம் பக்கம் மணல். தண்ணீர் விழுந்த வேகத்தில் இறங்கும். அங்கே ஆழமான கான்கிரீட் பெட்டி வடிகால் கட்டுவது, நிலத்தடியில் நல்ல தண்ணீராகத் தங்கி உப்புநீரை உள்ளே விடாமல் தடுக்க வேண்டியதைக் கடலுக்குத் துரத்துவதாகும். அடிக்குழாய் (வடிகட்டிய நீரை அடியிலிருந்து வெளியே எடுத்துச் செல்லும் துளைக்குழாய்) கூட இல்லாத எளிய செடி வாய்க்கால் அங்கே போதும்; உறைகிணற்றோடு இணைப்பதானால் மட்டும் அந்தக் குழாய் வேண்டும்.

அண்ணா நகர், பெரம்பூர், விருகம்பாக்கம், மேற்கு மாம்பலம் களிமண். இங்கே தண்ணீர் தானாக இறங்கும் என்று எதிர்பார்த்தால் கொசுப் பண்ணைதான் மிஞ்சும். அடிக்குழாய் கட்டாயம். கிண்டி, ஆதம்பாக்கம் பாறைப் பகுதிகளுக்கும் இதேதான்.

சந்தேகம் இருந்தால் சோதிப்பது எளிது. அரை மீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்பி வடியவிடுங்கள். மறுபடி நிரப்பி ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்துகொள்ளுங்கள். 15 மி.மீ.க்குக் குறைவாக இறங்கினால் அடிக்குழாய் வேண்டும். இதை மே மாதத்தில் மட்டும் செய்தால் ஏமாந்துபோவீர்கள். நவம்பரில் கிணற்று நீர்மட்டம் எங்கே நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். வாய்க்காலின் அடிக்கும் அந்த மட்டத்துக்கும் இடையே குறைந்தது 60 செ.மீ. இல்லையென்றால், மழைக்காலம் முழுவதும் அது நிரம்பியே கிடக்கும். வேளச்சேரியின் தாழ்வான தெருக்களில் இந்த ஒரு காரணத்துக்காகவே வடிகாலோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கட்டும் விதம்

கீழிருந்து மேலே சொல்வதானால்: 20 மி.மீ. ஜல்லி 30 செ.மீ., அதற்குள் துளையிட்ட 110 மி.மீ. பிவிசி குழாய். அதன்மேல் 6 முதல் 10 மி.மீ. சிப்ஸ் ஜல்லி 10 செ.மீ. இந்த இடத்தில் பலரும் மண்ணைத் தடுத்து நீரை விடும் ஜியோ டெக்ஸ்டைல் துணியை விரிக்கிறார்கள். வேண்டாம், மேலிருந்து வரும் நுண்மண் அந்தத் துணியில்தான் போய் அடைக்கும். சிப்ஸே போதும். அதற்கு மேல் 60 செ.மீ. கலவை: மணல் ஆறு பங்கு, தோட்ட மண் இரண்டு பங்கு, நன்கு மக்கிய உரம் இரண்டு பங்கு. கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் போட்டால் கழுவியதாக இருக்கட்டும். பூச்சு வேலைக்கு வரும் பி-சாண்டின் மாவு ஒரே மழையில் சிமெண்ட் போல இறுகிவிடும். செடி செழிக்கட்டும் என்று உரத்தைக் கூட்டினாலும் கேடுதான். பாஸ்பரஸ் கரைந்து வெளியேறி, வந்ததைவிட மோசமான தண்ணீர் போகும்.

சாலையோரக் கல்லில் 8 மீட்டருக்கு ஒன்றாக 40 செ.மீ. அகலத்தில் வாய் விட வேண்டும். உள்தரை சாலை விளிம்பைவிட 5 செ.மீ. தாழ்ந்திருக்கட்டும். இந்தச் சின்ன இறக்கத்தைக் கொத்தனார் பெரும்பாலும் மறந்துவிடுவார். சமமாக விட்டால் இரண்டே மழையில் புல்லும் வண்டலும் மேடு கட்டி, தண்ணீர் உள்ளே போகாமல் சாலையிலேயே ஓடும். ஒவ்வொரு வாய்க்கும் உள்ளே அரை மீட்டர் சதுரத்தில் வண்டல் தொட்டி ஒன்று வேண்டும், துடைப்பமும் மண்வெட்டியும் போகிற அளவுக்கு.

மொத்த ஆழம் சாலையிலிருந்து 1.2 மீட்டர் வரும். பக்கத்து வடிகாலின் அடி அதைவிட மேலே இருந்தால் அடிக்குழாயை இணைக்க முடியாது. கலவையை 45 செ.மீ.க்குக் குறைத்துப் பாருங்கள். வடிகால் நிரம்பும்போது தண்ணீர் குழாய் வழியே திரும்பி வராதிருக்க, குழாயின் வாயில் ஒருவழி மூடி பொருத்துங்கள்.

வெட்டிவேர் முதல் தேர்வு. நாலு நாள் தண்ணீரிலும் நிற்கும், மே வெயிலிலும் பிழைக்கும். ஓரங்களுக்கு அருகம்புல், கரைக்கு நொச்சி. சம்பு நட வேண்டாம், அதற்கு எப்போதும் ஈரம் வேண்டும். கல்வாழையும் கோடையில் தண்ணீர் ஊற்ற ஆள் இருந்தால்தான். பொன்னாங்கண்ணியும் வல்லாரையும் கூடவே கூடாது. யாராவது பறித்துச் சமைப்பார்கள், சாலையிலிருந்து வந்த உலோகமெல்லாம் அந்தக் கீரையில் இருக்கும். ஜூலை, ஆகஸ்டில் நட்டால் அக்டோபருக்குள் வேர் பிடித்துவிடும்.

சாக்கடை கலந்த தெருவில்

இதுதான் இந்த நகரத்தின் பெரிய சிக்கல். மழையே இல்லாத ஏப்ரலில் வடிகால் மூடியைத் திறந்து பாருங்கள். தண்ணீர் ஓடினால் யாரோ கழிவுநீரை இணைத்திருக்கிறார்கள். அதை அடைக்கும்வரை செடி வாய்க்கால் பேச்சே வேண்டாம். கலவை ஒரே பருவத்தில் கறுத்து நாறும், பழி செடிகள் மீது விழும். வண்டலையும் உலோகத்தையும் நன்றாகப் பிடிக்கும் அமைப்பு இது. நைட்ரேட்டிலும் கிருமியிலும் அதை நம்ப முடியாது.

கொசு வரும் என்ற பயம் நியாயமானது. முட்டை கொசுவாக ஏழெட்டு நாளாவது ஆகும். சரியாகக் கட்டிய வாய்க்காலில் 24 மணி நேரத்தில் தண்ணீர் வடிந்துவிடும். தூர்ந்துபோய், சிலாப் மூடி, மாதக்கணக்கில் தண்ணீர் தேங்கும் வடிகால்தான் கொசுவுக்கு வசதியான வீடு.

உறைகிணறும் பேவரும்

மாடித் தண்ணீருக்கு உறைகிணற்றை மிஞ்ச ஒன்றுமில்லை. 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானதிலிருந்து இங்கே கைவந்த வேலை அது. சாலைத் தண்ணீரை நேராக அதில் விடுவதைத்தான் எதிர்க்கிறோம். ஆயிலும் சாக்கடையும் வடிகட்டாமல் அக்கம்பக்கத்துக் கிணறுகளுக்குள் போகும், எடுக்க வழியில்லை. சாக்கடை கலக்காத தெருவானால், செடி வாய்க்காலின் அடிக்குழாயைக் கிணற்றில் இறக்குங்கள். மணல் பகுதிக்கு இதைவிட நல்ல இணைப்பு இல்லை.

நீர் இறங்கும் பேவர் பிளாக் வண்டி நிறுத்துமிடத்துக்குச் சரி. சாலைத் தூசி சேரும் இடத்தில் இடுக்கு அடைத்து, சாதாரணத் தரையாகிவிடும்.

பராமரிப்பில் வடிகாலுக்கு வருடம் ஒருமுறை தூர்வாரும் வண்டி வந்தால் போதும். செடி வாய்க்காலுக்கு ஆள் வேண்டும். செப்டம்பருக்குள் மேல்மண்ணில் 3 செ.மீ. சுரண்டி எடுத்து, வெட்டிவேரை முழங்கால் உயரத்துக்கு வெட்டி, அடிக்குழாயில் தண்ணீர் விட்டுப் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை வண்டல் தொட்டியை அள்ள வேண்டும். யார் அள்ளுவது என்று நலச் சங்கக் கூட்டத்தில் பெயர் எழுதி முடிவாகாத தெருவில், இருக்கிற வடிகாலைத் தூர்வாரி, மாடித் தண்ணீரைக் கிணற்றுக்குத் திருப்புவதோடு இந்த வருடம் நிறுத்திக்கொள்ளலாம்.