கோவையா, பொள்ளாச்சியா: புதுக் கார் வாங்க எந்த டீலர்?

ஆனைமலைப் பக்கம் குடியிருக்கும் எங்களுக்குப் புதுக் கார் வாங்குவதென்றால் இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, கோவை அவிநாசி சாலையில் வரிசையாக நிற்கும் பெரிய ஷோரூம்கள். இன்னொன்று, அதே கம்பெனி வண்டிகளை விற்கும் பொள்ளாச்சியின் சிறிய ஷோரூம்கள். 2025 தீபாவளி முடிந்ததும் பழைய காரைக் கொடுத்துவிட்டு, நான்கு மீட்டருக்கு உட்பட்ட ஒரு பெட்ரோல் கார் எடுத்தோம். ஒரே மாடலுக்கு இரண்டு ஊர் டீலர்களிடமும் பேசி, கடைசியில் பொள்ளாச்சியில் வாங்கினோம். கோவையில் விலை குறைவு. அப்படியிருந்தும் ஏன் அங்கே எடுக்கவில்லை என்று சொந்தத்தில் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதற்கான காரணம் ஒன்றே ஒன்றுதான், ஆனால் அதை விரிவாகச் சொன்னால்தான் விளங்கும்.

முதலில் எளிதாகத் தீர்ந்துபோகும் விஷயங்கள். ஆயுள் வரி, இன்சூரன்ஸ் சேர்க்காத எக்ஸ்ஷோரூம் விலையைக் கம்பெனி தீர்மானிக்கிறது. எந்த ஊரில் கேட்டாலும் அதே தொகைதான். ஆயுள் வரி அரசுக்குப் போவது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்திய வீதப்படி, ஐந்து முதல் பத்து லட்சம் வரையிலான காருக்கு 13 சதவீதம். பத்து லட்சத்தைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18 சதவீதம். 9.90 லட்ச ரூபாய் வண்டிக்கு வரி 1,28,700 ரூபாய், 10.10 லட்ச ரூபாய் வண்டிக்கு 1,81,800 ரூபாய். மேலே உள்ள மாடலுக்கு இன்னும் இருபதாயிரம்தானே என்று விற்பனையாளர் சொல்லும்போது இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பத்து லட்சத்துக்கு மேல் போனால் டீலர் ஒரு சதவீதம் டிசிஎஸ் (விற்பவர் வாங்குபவரிடம் பிடித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) வேறு பிடிப்பார். அதை வருமான வரிக் கணக்கில் திரும்பப் பெறலாம். இவை எல்லாம் கோவைக்கும் பொள்ளாச்சிக்கும் பொது.

டீலருக்கு டீலர் மாறுவது தள்ளுபடி, பழைய வண்டிக்குப் போடும் விலை, இன்சூரன்ஸ், கூடுதல் பொருட்கள் ஆகியவைதாம். கோவை டீலர் தள்ளுபடியும் பழைய காருக்கான விலையும் சேர்த்துப் பொள்ளாச்சியைவிடச் சுமார் முப்பதாயிரம் அதிகம் தந்தார். சிறிய தொகை இல்லை. ஆனால் கொட்டேஷனை வரி வரியாகப் படித்தபோது அதில் பாதி வேறு வழியில் திரும்பிப் போயிருந்தது. ஹேண்ட்லிங் சார்ஜ் என்று ஒரு வரி. வண்டியை டீலர் இடத்துக்குக் கொண்டுவரும் செலவு எக்ஸ்ஷோரூம் விலைக்குள் ஏற்கெனவே இருக்கிறது. எதைக் கையாண்டதற்கு இந்தக் கட்டணம் என்று கேட்டதும் அந்த வரி நீங்கியது. அடுத்து இன்சூரன்ஸ். புதுக் காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மூன்று ஆண்டுக்கு எடுப்பது கட்டாயம். 2018 செப்டம்பர் முதல் இருக்கும் விதி இது. நம் வண்டிக்கான சேதக் காப்பீட்டை ஓர் ஆண்டுக்கு எடுத்தால் போதும். அந்தப் பகுதியில்தான் பிரீமியம் இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. அதே காப்பீட்டு மதிப்புக்கு, அதே கூடுதல் அம்சங்களுடன் வெளியே விசாரித்தால் ஒன்பதாயிரம் குறைந்தது. வெளியே எடுத்தால் தள்ளுபடியைக் குறைப்போம் என்றார்கள். தன்னிடமே இன்சூரன்ஸ் எடுக்குமாறு டீலர் வற்புறுத்தக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையம் 2017-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. அதைச் சொன்னபோது அந்த விற்பனையாளர் மேலாளரைப் பார்த்தார்; மேலாளர் கணினியைப் பார்த்தார்.

பொள்ளாச்சியிலும் இன்சூரன்ஸ் விலை உயர்வாகத்தான் இருந்தது. வெளி விலையைக் காட்டியதும் அங்கே மறுபேச்சில்லாமல் இறக்கிவிட்டார்கள். கடைசிக் கணக்கில் இரண்டு ஊருக்கும் இடையே பதினைந்தாயிரத்தைச் சுற்றித்தான் வித்தியாசம் நின்றது.

கோவைக்கு உரிய பெருமையை மறைக்கக் கூடாது. ஓட்டிப் பார்க்க கியர் வண்டி, ஆட்டோமேட்டிக் இரண்டையும் கொடுத்தார்கள். நெரிசலான சாலையில் கிளட்ச் எவ்வளவு அழுத்தம், பின் இருக்கையில் அம்மாவுக்கு ஏறி இறங்க வசதியா என்பதெல்லாம் அங்கேதான் தெரிந்தது. எந்த மாடலில் எந்த வசதி உண்டு, எது இல்லை என்று அங்கிருந்த விற்பனைப் பெண் தாளைப் பார்க்காமலே சொன்னார். நிறங்களில் தேர்வு அதிகம். பொள்ளாச்சியில் ஓட்டிப் பார்க்க ஒரே ஒரு கியர் வண்டி. பின் இருக்கைப் பகுதிக்கு ஏசி துவாரம் எந்த மாடலிலிருந்து வருகிறது என்ற கேள்விக்கு விற்பனையாளர் இரண்டு பேருக்குப் போன் செய்து பதில் வாங்கினார். டெலிவரி சொன்ன நாளில் நடக்காமல் ஒரு வாரம் தள்ளியது. வண்டியில் பெட்ரோல், பக்கத்து பங்க் வரை போவதற்கு மட்டும்தான் இருந்தது.

அப்படியானால் சர்வீஸ் வசதிக்காகப் பொள்ளாச்சியா என்றால், அதுவும் இல்லை. வாங்கிய இடத்தில்தான் சர்வீஸ் விட வேண்டும், இல்லாவிட்டால் மதிக்க மாட்டார்கள் என்ற எண்ணம் நம் பக்கத்தில் பலமாக இருக்கிறது. வாரண்டி கொடுப்பது கம்பெனி. கோவையில் வாங்கிய வண்டியைப் பொள்ளாச்சியிலோ ஈரோட்டிலோ அதே கம்பெனியின் எந்த அங்கீகரிக்கப்பட்ட பணிமனையில் வேண்டுமானாலும் விடலாம். இலவச சர்வீசும் அப்படியே. ஆகவே சர்வீசுக்காக டீலரைத் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது வேறு: பதிவு செய்வதற்கு முன், மீதிப் பணம் கட்டுவதற்கு முன், எனக்கு ஒதுக்கப்பட்ட அதே வண்டியைப் பகல் வெளிச்சத்தில் நின்று பார்க்க விடுவார்களா?

இதை ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறேன் என்றால், என் மாப்பிள்ளை ஒருவர் நகரத்து டீலர் ஒருவரிடம் வாங்கிய வண்டி கண்ணெதிரே இருக்கிறது. முழுப் பணமும் கட்டி, நம்பர் பிளேட்டும் மாட்டி, மாலை நேரத்தில் ரிப்பன் வெட்டி, ஈச்சனாரி பிள்ளையார் கோவிலில் பூஜை போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மறுநாள் காலை வெயிலில் பார்த்தால் இடது பின்கதவின் நிறம் மற்ற கதவுகளோடு ஒட்டவில்லை. ரப்பர் பட்டையின் ஓரத்தில் பெயின்ட் தூசு படிந்திருந்தது. எங்கேயோ இடித்து, கதவுக்கு மறுபடி பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்பது எந்த மெக்கானிக்குக்கும் தெரியும். டீலர் மறுத்தார். கம்பெனிக்கு மெயில் மேல் மெயில் அனுப்பி, மாதக்கணக்கில் அலைந்து, கடைசியில் கிடைத்தது நீட்டித்த வாரண்டியும் வருத்தம் தெரிவித்த ஒரு கடிதமும். பெயரில் பதிவான வண்டியைத் திருப்பிக் கொடுப்பது அவ்வளவு கடினம். பதிவாகாத வண்டியை வேண்டாம் என்று சொல்ல ஒரு வார்த்தை போதும்.

பொள்ளாச்சிச் சந்தையில் மாடு பிடிக்கப் போகிறவர் பல்லைப் பார்க்காமல், நடக்கவிட்டுப் பார்க்காமல் கயிற்றைக் கையில் வாங்க மாட்டார். அதைவிடப் பல மடங்கு பணம் கொடுக்கும் காருக்கு மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிறோம்.

கோவையில் இதைக் கேட்டபோது கிடைத்த பதில்: விற்கும் முன் வண்டிகளை நிறுத்தி வைக்கும் ஸ்டாக் யார்டு ஊருக்கு வெளியே இருக்கிறது, வாடிக்கையாளர்களை அனுமதிப்பதில்லை, முழுப் பணம் வந்த பிறகுதான் சேஸிஸ் எண் (ஒவ்வொரு வண்டிக்கும் உரிய அடையாள எண்) ஒதுக்குவோம், எங்கள் ஆட்களே எல்லாவற்றையும் சோதித்துத்தான் தருவார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். எத்தனை முறை கேட்டும் அந்தப் பதில் மாறவில்லை.

பொள்ளாச்சி மேலாளரும் முதலில் தயங்கினார். முன்பணம் மட்டும் கட்டுகிறேன், வண்டியைப் பார்த்த பிறகு மீதி என்று சொன்னதும், காலையில் வாருங்கள் என்றார். ஷோரூமுக்குப் பின்னால் இருந்த இடத்திலேயே வண்டி நின்றது. எங்கள் ஊர் மெக்கானிக்கையும் அழைத்துப் போனேன்.

முதலில் சேஸிஸ் எண். பதினேழு எழுத்தும் எண்ணும் கலந்த அந்த வரிசையை வண்டியில் பொறித்திருக்கும் இடத்தில் படித்து, டீலர் கையில் உள்ள காகிதத்தோடு ஒப்பிட வேண்டும். எந்த மாதம், எந்த ஆண்டு தயாரித்தது என்பதைப் படிவம் 22-இல் கேட்டுப் பார்க்க வேண்டும். கம்பெனி கொடுக்கும் சான்று அது. பின்னால் பதிவுச் சான்றிதழிலும் அந்த மாதமும் ஆண்டும் ஏறும். விற்கும்போது நம் ஊர்ப் புரோக்கர் கேட்கும் முதல் கேள்வி எந்த வருட மாடல் என்பதுதான். ஜனவரியில் வாங்கிய வண்டி முந்தைய ஆண்டில் தயாரானது என்றால் அங்கேயே விலை இறங்கிவிடும். மார்கழியில் கிடைக்கும் பெரிய தள்ளுபடிகளில் பாதிக்கு இதுவே காரணம்.

எனக்கு முதலில் ஒதுக்கிய வண்டி மார்ச்சில் தயாரானது. ஏறக்குறைய எட்டு மாதம் பழையது. டயரில் நான்கு இலக்கங்கள் உண்டு: முதல் இரண்டும் டயர் தயாரான வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. அதுவும் ஒத்துப்போனது. 2025 ஆகஸ்ட் 15 அன்று ஜிஎஸ்டி குறையப் போகிறது என்ற அறிவிப்பு வந்ததும், வாங்க இருந்தவர்கள் காத்திருக்கத் தொடங்கினார்கள். செப்டம்பர் 22-இல் சிறிய கார்களுக்கான வரி 18 சதவீதமானது. அதுவரை விற்காமல் நின்ற வண்டிகளும் அதன் பிறகு வந்த கூட்டத்தில் சேர்ந்தே வெளியேறின. இந்த வண்டி அப்படி நின்றதா, வேறு காரணமா என்று நான் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் எட்டு மாதம் வெயிலிலும் மழையிலும் நின்ற அடையாளம் இருந்தது. பேட்டரி சோர்ந்திருந்தது; வைப்பர் ரப்பர் காய்ந்திருந்தது; பின் பம்பரின் கீழே ஒரு கீறல். பானட்டைத் திறந்து, எலி ஏறிய தடம் இருக்கிறதா என்று மெக்கானிக் வயர்களை ஒவ்வொன்றாகத் தடவினார். காடு மேட்டுக்கு நடுவே யார்டு வைத்திருக்கும் நம் பக்கத்தில் இது கட்டாயம் பார்க்க வேண்டியது. பிரேக் டிஸ்க்கில் லேசாகத் துரு இருந்தால் அஞ்ச வேண்டாம், ஓடினால் போய்விடும் என்றும் அவர் சொன்னார்.

இந்த வண்டி வேண்டாம் என்றேன். மேலாளர் முகம் சுருங்கியது, ஆனால் வாக்குவாதம் செய்யவில்லை. அடுத்த லோடில் வந்ததிலிருந்து வேறு வண்டி தருவதாகச் சொன்னார். டெலிவரி தள்ளியதற்கு ஒரு பகுதிக் காரணம் இதுதான்; அதற்காக அவரைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டாவதாகக் காட்டியது அக்டோபரில் தயாரான வண்டி. நிறம், கதவு இடைவெளிகள், கண்ணாடி, ஸ்டெப்னி, ஜாக்கி, இரண்டு சாவி, மீட்டரில் ஓடிய தூரம் என்று எல்லாவற்றையும் மறுபடி பார்த்தோம். அந்த சேஸிஸ் எண்ணை எழுதி மேலாளரின் கையெழுத்து வாங்கிக்கொண்ட பிறகே வங்கியிலிருந்து பணம் போனது. பொள்ளாச்சிக்குரிய டிஎன் 41 பதிவு முடிந்து வந்தபோது பதிவுச் சான்றிதழிலும் அதே எண்.

கோவை டீலர்கள் எல்லாருமே யார்டைக் காட்ட மறுப்பார்கள் என்று சொல்ல வரவில்லை. திருப்பூரில் இருக்கும் நண்பர் ஒருவர் அவிநாசி சாலையிலேயே வேறொரு கம்பெனியின் வண்டி எடுத்தார். அவரை யார்டுக்கே காரில் அழைத்துப் போய்க் காட்டினார்களாம். பொள்ளாச்சியிலும் எல்லா மேலாளரும் இவரைப் போல இருப்பார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சிறிய டீலரிடம் வண்டி பக்கத்திலேயே நிற்பதும், முடிவெடுக்கும் ஆள் எதிரிலேயே உட்கார்ந்திருப்பதும் நமக்குச் சாதகம், அவ்வளவுதான்.

விபத்துக்குப் பிந்தைய வேலை எங்களுக்கு இதுவரை வரவில்லை. பொள்ளாச்சிப் பணிமனையில் பெயின்ட் வேலைக்கான கூடம் கிடையாது; பெரிய வேலைகளைக் கோவைக்கு அனுப்புகிறார்கள். அதில் எத்தனை நாள் போகும், பொறுப்பு யாருடையது என்பதெல்லாம் பட்டவர்கள்தான் சொல்ல வேண்டும்.

ஆட்டோமேட்டிக் வண்டியோ, அரிதான நிறமோ வேண்டும் என்பவர்களும், பழைய காருக்கு நல்ல விலை வேண்டுபவர்களும் கோவைக்கே போகலாம். முன்பணம் கட்டும் முன்பே, பதிவுக்கு முன் வண்டியைக் காட்டுவோம் என்று முன்பதிவுப் படிவத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பேசுவதற்கு ஆடி மாதம் நல்லது. நம் பக்கத்தில் அப்போது யாரும் வண்டி எடுப்பதில்லை என்பதால் மேலாளரே உட்கார்ந்து பேசுவார், ஆவணியில் எடுத்துக்கொள்ளலாம். ஆயுத பூஜைக்கு டெலிவரி வேண்டும் என்றால், வண்டியை அதற்கு ஒரு வாரம் முன்பே பார்த்து முடித்துவிடுங்கள். பூஜையன்று அடுத்தடுத்து வண்டிகள் வெளியேறும்போது பானட்டைத் திறந்து காட்ட அங்கே யாருக்கும் நேரம் இருக்காது.