யூவி டோர்ச்: தேள் தேட நல்லது, விட்டிலுக்குச் சரிவராது

இராத்திரியில் விட்டில்களை வரவைத்துப் படம் எடுக்க, இந்த யூவி (புற ஊதா) டோர்ச்சை இலங்கை மலையகத்தில் ஹட்டன் டவுனில் ஒரு கடையில் 1,850 ரூபாவுக்கு வாங்கினேன். பெட்டியில் ஒளியின் அலைநீளம் 395 நானோமீட்டர் என்று போட்டிருந்தது. "இதப் போட்டா பூச்சியெல்லாம் மொய்க்கும் தம்பி" என்றார் கடைக்காரர், நம்பிவிட்டேன்.

தலவாக்கலைப் பக்கம் எங்கள் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) பின்னால் வெள்ளை பெட்ஷீட் கட்டி, மழை விட்டு மிஸ்ட் இறங்கின மூன்று இராத்திரி டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மொத்தம் நான்கே நான்கு விட்டில். அதே நேரம் கக்கூஸ் பல்பைச் சுற்றி முப்பதுக்கு மேல்! 395 என்பது கண்ணுக்குத் தெரிகிற ஊதாவை ஒட்டியது, போதாததற்கு டோர்ச் வெளிச்சம் ஒரே இடத்தில் குவிகிறது. விட்டிலுக்கு 365 அளவில், நாலா பக்கமும் பரவுகிற விளக்கு வேண்டும். தேள் மட்டும் இதில் பச்சையாக மினுங்கும், அதற்கு வாங்கலாம்.

வந்த நான்கில் மூன்று ஒரே மாதிரி, மண் நிறம், இறக்கையை மூடி உட்கார்ந்தால் மணி வடிவம். அழகே இல்லை, போனில் எடுத்த படத்தை அழிக்கப் போனேன். போனை எட்டிப் பார்த்த அம்மா, "இது நம்ம மலையில தேயில இலைய ஒட்டி உள்ளுக்குள்ள கிடக்குற புழுவோட பூச்சிடா" என்றார். இருபது வருஷம் கொழுந்து எடுத்தவர். உயிரினங்களின் படங்களைப் பதிகிற ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் தேதி, நேரம், இடத்தோடு ஏற்றினேன், மற்றவர்களும் பார்த்து உறுதி செய்தார்கள்: ஹோமோனா கோஃபியாரியா. பெயரிலேயே கோப்பி! 1861இல் நீட்னர் என்ற பூச்சி ஆய்வாளர் இதற்குப் பெயர் வைத்தபோது இந்த மலைகளில் கோப்பிதான் இருந்தது. கோப்பி அழிந்தது, பூச்சி தேயிலைக்கு மாறிக்கொண்டது. அப்புறம் இதை அடக்க 1935-36இல் ஜாவாவிலிருந்து ஒரு சின்னக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். தொல்லை நன்றாகக் குறைந்தது, ஆனால் ஒழியவில்லை, எங்கள் கக்கூஸ் சுவரே சாட்சி.

பச்சை நிற அரளி விட்டில் வந்தால் எல்லோரும் படம் எடுப்பார்கள், இதை யாரும் எடுப்பதில்லை. அதனால் இப்போது வாரம் ஒரு தடவையாவது இதைப் பதிகிறேன், ஆண் சிறியது, பெண் பெரியது என்பதால் பக்கத்தில் ஒரு ஸ்கேலும் வைத்து.

டோர்ச்சுக்கு ஐந்தில் இரண்டு. திருப்பி எடுக்கமாட்டோம் என்றும் சொல்லிவிட்டார்கள். பெட்ஷீட்டை பல்புக்குப் பக்கத்துக்கே மாற்றிவிட்டேன், பக்கத்து வீட்டு அக்காதான் இராத்திரியில் வெள்ளையாக ஆடுவதைப் பார்த்து இரண்டு தடவை கத்திவிட்டார்.