டெமாக்ரட் கட்சிக்கு உள்ளேயா, வெளியேயா: என் கணக்கு

அமெரிக்காவில் முற்போக்காளர்கள் டெமாக்ரட் கட்சிக்குள் இருந்து போராடுவதா, தனிக் கட்சியாக நிற்பதா என்ற கேள்விக்கு என் பதில் இது. நியூயார்க் வாக்காளர் பதிவில் ரொம்ப காலம் எந்தக் கட்சியிலும் சேராமலே இருந்துவிட்டு, இப்போது டெமாக்ரட் என்று மாற்றிக்கொண்டேன். கட்சித் தலைமை மீது திடீர்ப் பாசமெல்லாம் இல்லை. இங்கே பிரைமரியில், அதாவது கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்கட்டத் தேர்தலில், ஓட்டுப் போட அந்தக் கட்சியில் பதிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். 2016 ஏப்ரல் ஜனாதிபதி பிரைமரியில் இடதுசாரி பெர்னி சாண்டர்ஸுக்குப் போட நினைத்தவர்கள், ஏற்கெனவே வேறு கட்சியில் பதிந்திருந்தாலோ எந்தக் கட்சியிலும் இல்லாமல் இருந்தாலோ, முந்தைய அக்டோபரிலேயே மாறியிருக்க வேண்டும். நிறைய பேர் அதில் கோட்டைவிட்டார்கள்.

தனியாக நின்றால் ஓட்டுப் பிரியும் என்ற வாதத்தை விட்டுவிடுகிறேன். 2000 ஜனாதிபதித் தேர்தலில் ஃபுளோரிடாவில் பசுமைக் கட்சியின் நேடர் 97 ஆயிரத்துச் சொச்சம் ஓட்டு வாங்கியதும், அங்கே டெமாக்ரட் வேட்பாளர் கோரை புஷ் 537 ஓட்டில் ஜெயித்ததும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதை.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது வேறு: வாக்குச்சீட்டில் இடத்தைத் தக்கவைக்கிற பாடு. முன்பெல்லாம் நியூயார்க்கில் ஒரு சிறு கட்சி நாலு வருடத்துக்கு ஒருமுறை கவர்னர் தேர்தலில் 50,000 ஓட்டு வாங்கினால் போதும். 2020-இல் அதை 1,30,000 அல்லது 2 சதவீதம், இதில் எது அதிகமோ அது, அதுவும் ரெண்டு வருடத்துக்கு ஒருமுறை என்று ஆக்கிவிட்டார்கள். அந்த வருடமே பசுமைக் கட்சி வாக்குச்சீட்டில் தானாக இடம் பெறும் அந்தஸ்தை இழந்தது. திரும்ப உள்ளே வர ஆறு வாரத்தில் 45,000 கையெழுத்து. வாங்கினாலும் எதிராளி ஒவ்வொன்றாக ஆட்சேபிப்பான், முகவரி சரியில்லை, அதே ஆள் இன்னொருவருக்கும் போட்டிருக்கிறார் என்று. 2022 கவர்னர் தேர்தலில் வாக்குச்சீட்டில் இருந்தது ரெண்டே பேர். வாடகை, மருத்துவம் என்று மக்களிடம் பேச வேண்டிய தொண்டர்கள் கோடை முழுக்க அட்டையும் பேனாவுமாக அலைந்தால் கட்சி எப்படி வளரும்? தப்பிப் பிழைத்த உழைக்கும் குடும்பங்கள் கட்சி என்ற சிறு இடதுசாரிக் கட்சியும், டெமாக்ரட் வேட்பாளர் பைடனையே வாக்குச்சீட்டில் தன் வரிசையிலும் நிறுத்தித்தான் பிழைத்தது (இங்கே ஒரே வேட்பாளரை ரெண்டு கட்சி நிறுத்தலாம்).

டெமாக்ரட் கட்சிப் பக்கம் பாருங்கள். நம்மூர்க் கட்சிகளில் சீட்டு தலைமை கொடுப்பது. இங்கே கட்சியில் பதிந்த யாரும் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டுப் பிரைமரியில் இறங்கலாம், தலைமை முகம் சுளிக்கலாம், வழிமறிக்க முடியாது. 2018-இல் புதுமுகம் ஒகாசியோ கோர்டெஸ் அப்படித்தான் கட்சியின் மூத்த காங்கிரஸ் உறுப்பினர் ஜோ கிரவுலியை வீழ்த்தினார். 2025-இல் நியூயார்க் நகர மேயர் பிரைமரியில் மம்தானி முன்னாள் கவர்னர் குவோமோவைத் தோற்கடித்ததும், குவோமோதான் சுயேச்சையாக நின்று நவம்பரில் மறுபடி தோற்றார். (கட்சி விசுவாசம் பற்றி முற்போக்காளருக்குப் பாடம் எடுப்பது குவோமோ மாதிரிக் கட்சிப் பெருந்தலைகள்தான்!)

உள்ளே போவதற்கும் விலை உண்டு. 2021-இல் பஃபலோ நகர மேயர் பிரைமரியில் சோசலிஸ்டு இந்தியா வால்டன் ஜெயித்தும், தோற்ற மேயரே வாக்குச்சீட்டில் பெயரில்லாமல், ஓட்டர்களைத் தன் பெயரை எழுதவைத்தே பதவியைத் தக்கவைத்துக்கொண்டார். 2024 பிரைமரியில் முற்போக்குக் காங்கிரஸ் உறுப்பினர் ஜமால் போமனை வீழ்த்த இஸ்ரேல் ஆதரவு அமைப்பு ஒன்றின் தேர்தல் குழு 1 கோடியே 40 லட்சம் டாலருக்கு மேல் கொட்டியது. இதையெல்லாம் தாங்க வேண்டுமென்றால் பணமும் ஆளும் கட்சிக்கு வெளியே நம் கையில் இருக்க வேண்டும். அதனால்தான் பதிவு அங்கே, சந்தா வேறு இடத்தில். மம்தானிக்கு வீடு வீடாகப் போன ஆட்களில் பலரை, கட்சியைச் சேராத ஜனநாயக சோசலிஸ்டுகள் அமைப்பு திரட்டியது. அவர்களைக் கலைக்கும் அதிகாரம் கட்சித் தலைமைக்கு இல்லை.

உள்ளாட்சி வேறு மாதிரி. சியாட்டிலில் நகரமன்றத் தேர்தலில் கட்சிப் பெயரே கிடையாது. அங்கே சோசலிஸ்டு க்ஷமா சாவந்த் டெமாக்ரட்டுகளை ஒட்டாமலே 2014 முதல் பத்து வருடம் நகரமன்ற உறுப்பினராக இருந்தார், 15 டாலர் குறைந்தபட்சக் கூலிக்கும் அழுத்தம் கொடுத்தார். அப்படிப்பட்ட ஊரில் நான் வேலை பார்த்ததில்லை, அங்கே இருப்பவர்கள் வெளியே நிற்பதே சரி என்றால் மறுக்க மாட்டேன். நியூயார்க்கில் இருப்பவர்கள் மட்டும் பிப்ரவரி 14-க்குள் மாறிவிடுங்கள், அதற்குப் பிறகு கட்சி மாற்றினால் அந்த ஜூன் பிரைமரிக்குச் செல்லாது.