கதிர்வீச்சு எச்சரிக்கை ஸ்டிக்கர்கள்: அச்சில் குறையில்லை, கையேட்டில் உண்டு

அணுக்கழிவுக் கிடங்கு ஒன்றை எதிர்த்து நடந்த ஊர்வலத்துக்குப் பதாகை தயாரிப்பதற்காக, மஞ்சளில் கறுப்பு மூவிலை அச்சிட்ட கதிர்வீச்சு எச்சரிக்கை ஸ்டிக்கர்கள் இருபது கொண்ட கட்டு ஒன்றை இணையத்தில் வாங்கினேன். அளவுகோல் வைத்துப் பார்த்தேன்: நடு வட்டத்தின் ஆரம் 4 மி.மீ.; இலைகள் மையத்திலிருந்து 6 மி.மீ. தொலைவில் தொடங்கி 20 மி.மீ. தொலைவில் முடிகின்றன. சர்வதேசத் தர நிர்ணயம் கேட்கும் விகிதம் இம்மியும் பிசகவில்லை. 1946-இல் அமெரிக்காவின் பெர்க்லியிலுள்ள கதிர்வீச்சு ஆய்வகத்தில் உருவானபோது இச்சின்னம் நீலப் பின்னணியில் மெஜந்தா நிறத்தில் இருந்தது. அந்தப் பழைய நிறத்தில் கிடைத்திருந்தால் அதையே வாங்கியிருப்பேன், ஏனெனில் அதைக் கண்டு இன்று யாரும் மிரள மாட்டார்கள்.

பதாகையில் ஸ்டிக்கர் தன் வேலையைச் செம்மையாகச் செய்தது. பதாகை என்றால் அதைத் தூக்கிப் பிடிக்கும் ஆள் ஒருவர் இருக்கிறார். அவர் ஏதோ வாதிடுகிறார் என்பது பார்ப்பவருக்குப் புரிகிறது, மறுத்துப் பேசவும் முடிகிறது. அங்கே இச்சின்னத்தைக் காட்டுவது கருத்துரிமைக்குள் அடங்கும், அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் மிஞ்சியதில் ஒன்றை எங்கள் குழுவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் விளையாட்டாகத் தண்ணீர் டிரம்மில் ஒட்டிவிட்டார். சற்று நேரத்தில் வந்த முதியவர் ஒருவர், கையில் எடுத்த தம்ளரை அப்படியே வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். டிரம்முக்குப் பக்கத்தில் வாதிட எவரும் இல்லை. உள்ளே ஆபத்து இருக்கிறது என்ற பொய்த் தகவல் மட்டுமே இருந்தது.

கட்டுடன் வந்த கையேடோ, ‘எங்கு வேண்டுமானாலும் ஒட்டி மகிழுங்கள்’ என்கிறது. எனக்கு ஒப்பாதது இந்த வரிதான். மூவிலையின் பொருள் எல்லோருக்கும் தெரியும் என்று சொல்வதற்கே இடமில்லை: 2000-இல் தாய்லாந்தின் சமுத் பிரகானில், சிகிச்சைக் கருவியொன்றில் கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் இருந்த பகுதியைப் பழைய இரும்பென்று நினைத்துப் பிரித்தவர்களுக்கு அதிலிருந்த மூவிலை எதையும் உணர்த்தவில்லை, அந்த விபத்தில் மூவர் இறந்தனர். 2007-இல் சர்வதேச அணுசக்தி முகமையும் சர்வதேசத் தர நிர்ணய அமைப்பும் மண்டையோடும் ஓடும் மனிதனும் கொண்ட சிவப்பு முக்கோணச் சின்னத்தை வெளியிட்டன. கருவியைப் பிரிக்க முயல்பவரின் கண்ணில் படும்படி அதை உள்ளே பொருத்த வேண்டும் என்பதே ஏற்பாடு. இந்தக் கட்டில் அதுவும் இரண்டு, இலவசமாக! அவற்றை நான் கிழித்தெறிந்துவிட்டேன்.

பதாகைக்கு மட்டும் என்றால் நான்கு நட்சத்திரம் தருவேன். கையேட்டுக்கும் இலவசத்துக்கும் சேர்த்து இரண்டைக் குறைத்துக்கொள்கிறேன். பசையைப் பற்றியும் ஒரு வார்த்தை: டிரம்மிலிருந்த ஸ்டிக்கரை உரித்தபோது ஓர் இலைதான் கையோடு வந்தது. சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்தும் மற்ற இரண்டு இலைகள் போகவில்லை. ஊர்வலம் முடியும்வரை அந்தப் பக்கத்தைச் சுவரை நோக்கித் திருப்பி வைத்திருந்தோம்.