ஆவணப்படத்தைச் சேர்ந்து பார்க்க: லிங்க்கா, ஆன்லைனா, வீட்டுக் கூடமா, அரங்கமா?

நல்ல ஆவணப்படம் ஒன்றைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது. யாரிடமாவது சொல்லியாக வேண்டும், அவர்களும் அதைப் பார்த்தாக வேண்டும். இதற்கு இப்போது நான்கு வழிகள் இருக்கின்றன. லிங்க் அனுப்பலாம், அவரவர் வீட்டில் இருந்தபடியே ஒரே நேரத்தில் ஆன்லைனில் பார்க்கலாம், யாராவது ஒருவர் வீட்டில் ஏழெட்டுப் பேர் கூடலாம், அரங்கம் பிடித்துத் திரையிடலாம். நான் வந்து நின்றிருப்பது மூன்றாவதில். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம்தான் சாய்ந்திருக்கும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

லிங்க் அனுப்புவதைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. வாட்ஸ்அப் குழுவில் போட்டால் ஒரு கட்டைவிரல் வரும், "அப்புறம் பார்க்கிறேன்" என்று ஒருவர் எழுதுவார், அதோடு சரி. குறும்படங்களுக்கு மட்டும் இது வேலை செய்கிறது. 2023இல் ஆஸ்கார் வாங்கிய 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' சுமார் நாற்பது நிமிடம்தான். அந்த நீளத்துக்கு, வழக்கமாக எதையும் திறந்துகூடப் பார்க்காதவர்களும் பார்த்துவிட்டுப் பதில் எழுதினார்கள். ஒன்றரை மணி நேரப் படம் என்றால் அந்த அதிர்ஷ்டம் எதிர்பார்க்க வேண்டாம்.

ஆன்லைனில் சேர்ந்து பார்ப்பது தூரத்தில் இருக்கும் நண்பர்களுக்கு வரப்பிரசாதம். டெலிபார்ட்டி மாதிரியான பிரவுசர் நீட்டிப்பு இருந்தால், ஒருவர் படத்தை நிறுத்தினால் எல்லோருக்கும் நிற்கும். ஆனால் ஒவ்வொருவரிடமும் அந்தத் தளத்தின் சந்தா இருக்க வேண்டும். அங்கேயே தேர்வு சுருங்கிவிடுகிறது. எது நல்ல படம் என்ற கேள்வி போய், எல்லோரிடமும் எந்தத் தளம் இருக்கிறது என்ற கேள்வி வந்துவிடும். அடுத்த தொல்லை, பக்கத்தில் ஓடிக்கொண்டே இருக்கும் அரட்டைப் பெட்டி. தகவல்களை அடுக்கிச் சொல்லும் படங்களுக்கு அது பரவாயில்லை, சில நேரம் ரசமாகக்கூட இருக்கும். 'ஹனிலேண்ட்' போன்ற படத்துக்கு ஒத்தே வராது. வடமாசிடோனியாவின் மலைக் கிராமத்தில் காட்டுத்தேன் எடுக்கும் ஒரு பெண்ணைப் பற்றிய படம் அது. பின்னணி வர்ணனை கிடையாது, பேட்டி கிடையாது, முகத்தையும் கையையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கண் அரட்டைக்குப் போய்த் திரும்புவதற்குள் காட்சி கடந்திருக்கும்.

இனி வீட்டுக் கூட்டம். புரொஜெக்டரா டிவியா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், கடைசியில் உட்கார்ந்திருப்பவருக்கு சப்டைட்டில் தெரிந்தால் போதும். காசு செலவழிப்பதாக இருந்தால் ஒலிக்குச் செலவழிக்கலாம். ஆவணப்படத்தில் பாதிப் பேச்சு காற்றிலும் சந்தை இரைச்சலிலும் பதிவானது, டிவியின் சொந்த ஸ்பீக்கரில் அது குழைந்துபோகும். சிறியதாக ஒரு வெளி ஸ்பீக்கர் இருந்தாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

இதெல்லாம் சில்லறை விஷயம். என்னைப் பொறுத்தவரை தீர்மானிக்கிற விஷயம் ஒன்றுதான்: அடுத்த படத்தை யார் தேர்ந்தெடுப்பது?

ஆர்வம் அதிகம் உள்ளவரே எப்போதும் படம் போட்டால், மற்றவர்கள் விருந்தாளிகளாகவே இருந்துவிடுவார்கள். மரியாதைக்கு வருவார்கள், நன்றாக இருந்தது என்பார்கள், நாளடைவில் வேலை இருக்கிறது என்பார்கள். தேர்வு சுற்றி வந்தால் நிலைமை மாறுகிறது. தன் முறை வரும் என்று தெரிந்தவர் தனியாக நாலு படம் பார்த்துத் தேடத் தொடங்குகிறார். ஆவணப்படம் என்றால் சிங்கமும் மானும்தான் என்று நினைத்திருந்த ஒருவர் எங்கள் குழுவில் உண்டு. தன் முறைக்காகத் தேடப்போய், இப்போது என்னைவிட அதிகம் பார்க்கிறார். லிங்க் குழுவிலும் எல்லோரும்தான் அனுப்புகிறார்கள், ஆனால் அங்கே அனுப்புவதோடு பொறுப்பு முடிந்துவிடுகிறது. கூடத்தில் உட்கார்ந்தால், தான் போட்ட படத்தைப் பார்த்து யார் நெளிகிறார்கள், யார் முன்னால் சாய்கிறார்கள் என்று நேரிலேயே தெரியும். அது அடுத்த தேர்வைச் செதுக்கும்.

தேர்ந்தெடுப்பவர் படத்தை முன்பே பார்த்திருக்க வேண்டும், மற்றவர்களுக்குப் பெயரைச் சொல்லக் கூடாது என்பது எங்கள் ஏற்பாடு. இது எங்கள் கண்டுபிடிப்பு கிடையாது. ஆவணப்பட முன்னோடி இயக்குநர் ராபர்ட் ஃப்ளாஹர்ட்டியின் மனைவி ஃபிரான்சிஸ் 1955இல் தொடங்கிய ஃப்ளாஹர்ட்டி கருத்தரங்கில் பல ஆண்டுகளாக இதுதான் வழக்கம். என்ன படம் என்று தெரியாமல்தான் பார்வையாளர்கள் போய் உட்காருவார்கள்.

இதன் பலனை அந்த ஃப்ளாஹர்ட்டியின் படத்திலேயே பார்த்தோம். 1922இல் வந்த 'நானூக் ஆஃப் தி நார்த்' மௌனப்படம். ஆர்க்டிக் பகுதி இனுயிட் குடும்பம் ஒன்றின் வாழ்க்கை. எல்லோரும் ஒன்றிப்போய்ப் பார்த்தார்கள். முடிந்த பிறகுதான் படம் போட்டவர் வாயைத் திறந்தார்: அது நிஜக் குடும்பம் இல்லை, நானூக் என்பதும் அவருடைய உண்மையான பெயர் இல்லை, உள்ளே படம் பிடிக்க வெளிச்சம் போதாததால் பனிவீட்டை ஒரு பக்கம் திறந்தாற்போல் கட்டினார்கள், துப்பாக்கி புழக்கத்துக்கு வந்துவிட்ட காலத்தில் ஈட்டியால் வேட்டையாடச் சொன்னார்கள். ஏமாற்றிவிட்டார் என்று ஒரு கட்சி, அந்த காலத்துக் கேமராவை வைத்துக்கொண்டு வேறு எப்படி எடுப்பது என்று இன்னொரு கட்சி. படத்தைவிடச் சண்டை நீளம். இதையெல்லாம் முன்பே இணையத்தில் படித்துவிட்டு வந்திருந்தால், பொய் எங்கே என்று தேடிக்கொண்டே பார்த்திருப்பார்கள்.

பெயரை மறைப்பதில் ஒரு விதிவிலக்கு வேண்டும். 'தி ஆக்ட் ஆஃப் கில்லிங்' இந்தோனேசியப் படுகொலைகளில் ஈடுபட்டவர்களே தங்கள் கொலைகளை நடித்துக் காட்டும் படம். அப்படிப்பட்டதை முன்னறிவிப்பு இல்லாமல் போடுவது சரியில்லை. பெயரைச் சொல்லாவிட்டாலும், வன்முறை இருக்கிறது என்றாவது சொல்லிவிட வேண்டும்.

வீட்டுக் கூட்டத்துக்கு எட்டாத படங்களும் உண்டு. யூத இனப்படுகொலையைப் பற்றிய, ஒன்பது மணி நேரத்துக்கும் மேல் ஓடும் 'ஷோவா'வை யார் தன் முறையில் போடுவார்? போட்டாலும் பல நாள் பிரித்துத்தான் பார்க்க முடியும், முதல் நாள் வந்தவர்கள் எல்லோரும் கடைசி நாள் வரை வருவார்கள் என்று நம்ப முடியாது. அந்த மாதிரிப் படங்களைத் தனியாகப் பார்ப்பதே மேல்.

அரங்கத் திரையிடலைப் பற்றி நான் அழுத்திப் பேச முடியாது. பார்வையாளனாகப் போயிருக்கிறேன், நடத்தியதில்லை. புது முகங்கள் வருவார்கள், இயக்குநரே வந்து பதில் சொன்னால் அதற்கு ஈடு கிடையாது. ஆனால் வீட்டுச் சந்தா பொதுத் திரையிடலுக்குச் செல்லாது. எடுத்தவரிடமோ விநியோகிப்பவரிடமோ அனுமதி வாங்க வேண்டும். நெட்ஃபிளிக்ஸ் தன் சொந்த ஆவணப்படங்களில் சிலவற்றை லாப நோக்கமில்லாத கல்வித் திரையிடலுக்கு அனுமதிக்கிறது, அதற்கும் நிபந்தனைகள் உண்டு. தேர்வும் அமைப்பாளர்கள் கையிலேயே இருக்கும் என்பதால், எனக்கு முக்கியமாகப் படுகிற விஷயம் அங்கே நடக்காது. கல்லூரியோ நூலகமோ பின்னால் நின்றால் இதுவே சிறந்த வழியாக இருக்கலாம்.

நண்பர்கள் ஊருக்கு ஒருவராகச் சிதறியிருந்தால் ஆன்லைன்தான், வேறு வழியில்லை. அப்போதும் அரட்டைப் பெட்டியை மூடிவைத்துவிட்டு, படம் முடிந்ததும் வீடியோ அழைப்பில் பேசுங்கள், தேர்வை மட்டும் சுற்றில் விடுங்கள். தூரத்து நண்பர்கள் இருவரை நாங்களும் இப்போது இப்படித்தான் சேர்த்திருக்கிறோம். அன்றைக்கே அவர்கள் தனியாகப் பார்த்துவிட்டுப் பேச்சுக்கு மட்டும் திரையில் வருகிறார்கள். நீண்ட நாள் ஓடுமா என்று சொல்லும் அளவுக்கு இன்னும் பழகவில்லை. அவர்களுக்கு மட்டும் படத்தின் பெயரை முன்கூட்டியே சொல்ல வேண்டியிருக்கிறது, அதில்தான் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.