“ஆடு தானா நக்கும்” எண்டு விக்கிற புழு மருந்தை வாங்காதேங்கோ: 18,500 ரூபாவும் போச்சு, சினை மறியும் போச்சு

கோவம் ஆற முதல் எழுதிப் போடுறன். வன்னியில ஆடு மாடு வளக்கிற ஆக்கள், நாய் பூனை வைச்சிருக்கிற ஆக்கள் எல்லாரும் வாசியுங்கோ. போன் பாவிக்காத அம்மா அப்பா இருந்தா அவைக்கு வாசிச்சும் காட்டுங்கோ. 18,500 ரூபா. மூத்தவளின்ர ரியூசன் காசும், கடையில நிண்ட கடன் கட்ட வைச்சிருந்த காசும் சேத்துத்தான் அது.

பக்கத்தின்ர பேரை இஞ்ச போடேல்ல. பேரைப் போட்டா நாளைக்கு வேற பேரில வருவாங்கள். எந்த மாதிரி ஆக்கள் எண்டு மட்டும் சொல்லுறன்: பேஸ்புக்கில வீடியோ போட்டு, வாட்ஸ்அப்பில ஓடர் எடுத்து, பாங்கில காசு விழுந்த பிறகு கூரியரில சாமான் அனுப்புற ஆக்கள். கடை எண்டு போய் நிக்க ஒரு இடமும் இல்லை.

என்னட்ட 14 ஆடு. மாரி முடிஞ்ச கையோட புழு மருந்து பருக்கவேணும் எண்டு ஆடு வளக்கிற எல்லாருக்கும் தெரியும். ஒராள் கொம்பைப் பிடிக்க, மற்றாள் வாய்க்கடையால சிரிஞ்சை வைச்சு மெதுவா விடவேணும். தலையை மேல தூக்கிப் பிடிச்சா மருந்து சுவாசப்பைக்க போய், மருந்தாலயே ஆடு சாகும். அது உதறும், துப்பும், அரைவாசி எங்கட சட்டையில ஊத்துப்படும். ரெண்டு பேர் வேணும் இந்த வேலைக்கு. எங்கட பக்கம் பொம்பிளையள் தனிச்சுக் கொண்டு நடத்துற வீடுகள் எத்தினை எண்டு சொல்லத் தேவையில்லை. இவங்கள் குறி வைக்கிறது அந்த வீடுகளைத்தான். நான் அதை இப்ப உறுதியாச் சொல்லுறன், ஏனெண்டா விக்கிறவர் என்னட்டக் கேட்ட ரெண்டாவது கேள்வியே “அக்கா, ஆட்டைப் பிடிக்க வீட்டில ஆம்பிளையள் இருக்கினமோ?” எண்டதுதான்.

வீடியோவில ஒரு கொட்டில், ஒரு பிளாஸ்ரிக் பேசினுக்க மண்ணிறக் கட்டி, ஆடுகள் ஒண்டை ஒண்டு இடிச்சுக்கொண்டு நக்குதுகள். பின்னால ஒரு குரல், எங்கட பேச்சிலயே: “இனி ஆட்டோட மல்லுக்கட்டத் தேவையில்லை. மருந்து எண்டு தெரியாமலே அது தின்னும்.” கீழ கொமென்றில கனபேர் நன்றி சொல்லியிருந்தினம்.

நான் உடன காசு போடேல்ல. மெசேஜ் போட்டன், அவர் தானா எடுத்துக் கதைச்சவர். நல்ல பணிவான குரல். “அக்கா, முதல் ஆட்டின்ர கீழ் இமையைப் பிரிச்சுப் பாருங்கோ. உள்ளுக்குச் சிவப்பாக் கிடக்கோ, வெளிறிக் கிடக்கோ?” எண்டு கேட்டவர். அந்த இடத்திலதான் நான் நம்பினன். அது சரியான கேள்வி. இரத்தம் உறிஞ்சிற புழு வயித்தில கூடினா இமைக்குள்ள வெளிறும், இன்னும் முத்தினா தாடைக்குக் கீழ நீர் தொங்கும். மிருக வைத்தியர் அலுவலகத்தால ஊரில வகுப்பு வைக்கேக்க அவையும் இதைத்தான் காட்டித் தந்தவை. இதைக் கேக்கத் தெரிஞ்ச ஆள் விசயம் தெரிஞ்ச ஆளெண்டு ஆர்தான் நினைக்க மாட்டினம்? தானும் விசுவமடுப் பக்கம்தான், தன்ர அம்மாவும் ஆடு வளக்கிறா, அவவின்ர கை ஏலாமப் போனதாலதான் இந்தத் தொழிலைத் தொடங்கினவர் எண்டார். அம்மா எண்டு ஒரு ஆளின்ர வொய்ஸ் மெசேஜும் வந்தது. “பிள்ளை, பயப்பிடாம வாங்கு” எண்டு. அந்தக் குரலை நினைக்க நினைக்க எனக்கு இப்பவும் வயிறு எரியுது.

எத்தினை ஆடு, எத்தினை குட்டி எல்லாம் கேட்டவர். சினை ஆடு இருக்கோ எண்டு மட்டும் கேக்கேல்ல. கட்டி ஒண்டு 3,500 படி நாலு, 14,000. எங்கட நாய்க்கு உண்ணிக் காய்ச்சல், டொக்டர் தந்த குளிசையைத் துப்புது எண்டு வாய் தவறிச் சொன்னன், அதுக்கும் ஒரு சாமான் வைச்சிருந்தார்: ஈரல் சுவைப் பாணி, 3,600. கூரியருக்கு 900. எல்லாமா 18,500 ரூபா. காசு போட்டு ரிசீற்றைப் படம் எடுத்து அனுப்பினவுடன “நன்றி அக்கா, கடவுள் துணை” எண்டு பதில்.

சாமான் வந்தது. அதை ஒழிக்க மாட்டன். பெட்டியைத் திறக்கப் பனங்கட்டி மணம். பேசினில வைச்ச உடன ஆடுகள் வீடியோவில மாதிரியே விழுந்து விழுந்து நக்கினதுகள். ஒரு கிழமையில கட்டி தேஞ்சுபோச்சு. நானும் சந்தோசப்பட்டு ரெண்டு பேருக்குச் சொன்னன், அவையும் வாங்க இருந்தவை.

பேந்து ஆடுகள் தேறேல்ல. மயிர் சிலிர்த்து, நடக்கப் பின்னுக்கு நிக்கத் தொடங்கிச்சுதுகள். முதல் சினையில நிண்ட மறிக்குத் தாடைக்குக் கீழ பை மாதிரி நீர். ஓட்டோ பிடிச்சு அரச மிருக வைத்தியர் அலுவலகத்துக்குக் கொண்டுபோனன். டொக்டர் இமையைப் பார்த்தார், வெள்ளைக் கடுதாசி மாதிரி இருந்தது. புழுக்கையை எடுத்து மைக்றோஸ்கோப்பில பார்த்தவர், முட்டை நிறைஞ்சு கிடக்கு எண்டார். ஹீமோன்கஸ் எண்ட புழுவாம், ஒரு பெண் புழு ஒரு நாளைக்கு 5,000 முட்டைக்கு மேலயும் இடுமாம். மறி பிழைக்கேல்ல. வயித்தில குட்டியோட போச்சு.

மிச்சக் கட்டியை டொக்டரிட்டக் காட்டினன். அவர் முதல் தேடினது லேபிளை. மருந்தின்ர பேர் இல்லை. எத்தினை கிலோ ஆட்டுக்கு எவ்வளவு எண்டு இல்லை. தொகுதி இலக்கம் இல்லை, காலாவதித் திகதி இல்லை. “இயற்கைச் சுவையூட்டப்பட்டது” எண்டு மட்டும் பெரிய எழுத்தில. “உள்ளுக்கு மருந்து இருக்கெண்டதுக்கு இதில ஒரு அடையாளமும் இல்லை அம்மா. மொலாசஸ், உப்பு, தவிடு, மணத்துக்குப் பனங்கட்டி. ஆடு நக்கத்தானே செய்யும்?” எண்டார்.

அவர் சொன்ன விளக்கத்தை நான் விளங்கினபடி எழுதுறன், இது எல்லாருக்கும் தெரியவேணும். சுவை சேத்த மிருக மருந்து எண்டது பொய்யான விசயம் இல்லை. வெளிநாட்டில நாய்க்கு மாட்டிறைச்சி மணத்தில, ஈரல் மணத்தில சப்பித் தின்னுற குளிசை கனகாலமா இருக்கு. ஆனா ஒவ்வொரு குளிசையிலயும் எத்தினை மில்லிகிராம், எத்தினை கிலோ நாய்க்கு எண்டு எழுதிக்கிடக்கும். ஐரோப்பாவில “விரும்பி உண்ணும்” எண்டு சொல்லி ஒரு மருந்தை விக்க வேணுமெண்டா, 100 தடவை நீட்டினா நாய் 80 தடவையாவது தானா எடுக்கவேணும், பூனை 70 தடவையாவது எடுக்கவேணும். அங்க மருந்து முதல், சுவை பிறகு. என்னட்ட வித்தது வெறும் சுவை.

இன்னொண்டும் சொன்னார். ஆட்டுக்குக் கசப்பு ஒரு பெரிய பிரச்சினையே இல்லையாம். யோசிச்சுப் பாருங்கோ, எங்கட ஆடுகள் வேப்பங்குழையை எப்பிடித் தின்னுதுகள்! மருந்தைத் துப்புறது கனக்க அந்தப் புது மணத்துக்கும், வாயைப் பிடிச்சுத் திறக்கிற பயத்துக்கும். மாடு கசப்புக்கு ஆட்டை விடக் கூச்சப்படும், இனிப்பெண்டா வரும். பூனைக்கு இனிப்பே தெரியாது, இனிப்பை உணருற உறுப்பு அதின்ர நாக்கில வேலை செய்யாது. அதே பக்கத்தில “தேன் சுவைப் பூனை மருந்து” எண்டும் ஒண்டு விக்கிறாங்கள். எந்த மிருகத்துக்கு எந்தச் சுவை பிடிக்கும் எண்டுகூடத் தெரியாத ஆக்களிட்ட 18,500 ரூபா குடுத்திருக்கிறன்.

உண்மையான மருந்தே கட்டிக்க இருந்தாலும் ஆட்டுப் பட்டிக்கு அது சரிவராதாம். கொம்புள்ள கிடாய் இடிச்சுத் தள்ளிப்போட்டு நல்லா நக்கும், சோந்த ஆடும் குட்டியும் ஓரத்தில நிக்கும். ஆருக்கு மருந்து கூட வேணுமோ அதுக்குத்தான் குறையப் போகும். குறைஞ்ச அளவு மருந்து பட்ட புழு சாகாது, பழகிப்போகும், பேந்து நல்ல மருந்து குடுத்தாலும் கேக்காது. சில புழு மருந்து சினையின்ர தொடக்கத்தில குடுத்தா வயித்துக் குட்டிக்கு ஊனம் வரும், அல்பென்டசோல் அப்பிடி ஒண்டு. சினையைப் பற்றி ஒரு சொல்லும் கேக்காத ஆள் எப்பிடி மருந்து விக்கலாம்?

நாயின்ர பாணியையும் டொக்டர் பார்த்தவர். குளிசையைப் பொடிச்சு அந்தப் பாணியோடயும் பாலோடயும் கலந்து குடுக்கச் சொல்லித்தான் விக்கிறவர் எனக்குச் சொன்னவர். உண்ணிக் காய்ச்சலுக்குத் தந்தது டொக்ஸிசைக்ளின். பாலில இருக்கிற கல்சியம் அதைப் பிடிச்சு வைச்சிடும், உடம்பில முழுசாச் சேர விடாது. போத்தலில “சீனி அற்றது” எண்டு வேற போட்டிருந்தது. சீனிக்குப் பதிலா சைலிற்றோல் போட்டிருந்தா நாயின்ர இரத்தத்தில சீனி சட்டெண்டு இறங்கி, ஈரலும் பழுதாகும், உயிர் போகும். என்ன போட்டிருக்கெண்டு எழுதாத போத்தலை எப்பிடி நாயின்ர வாயில ஊத்துறது? டொக்டர் சொன்னபடி குளிசையைக் கொஞ்சச் சோத்துக்கயும் மீன் துண்டுக்கயும் வைச்சுக் குடுத்து, பின்னால தண்ணி குடிக்க விட்டன், தின்னுது. 3,600 ரூபாப் பாணி கிணத்தடியில கிடக்கு.

விக்கிறவரோட பேந்து கதைச்சதையும் சொல்லவேணும். முதல் எடுக்கேக்க “அக்கா, வேலை செய்யக் கொஞ்ச நாள் எடுக்கும், பொறுங்கோ” எண்டார். பேந்து எடுக்க “தண்ணி வடிவாக் காட்டினீங்களோ? பிழை உங்கட கவனிப்பில இருக்கும்” எண்டார். மறி செத்த படத்தை அனுப்பினன். அதுக்கு வந்த பதிலை அப்பிடியே போடுறன்: “உங்கட ஆடு நல்லா நக்கினதுதானே அக்கா? நீங்களே வீடியோ அனுப்பினீங்கள். அப்ப சாமான் நல்ல சாமான்தானே.”

வாசிச்சுப்போட்டுக் கை நடுங்கிச்சு. மருந்து எண்டு காசு வாங்கின ஆள், நக்கினதைக் காட்டிக் கணக்கு முடிக்கிறார். உள்ளுக்கு என்ன மருந்து, பேரைச் சொல்லுங்கோ எண்டு திரும்பத் திரும்பக் கேட்டன். “அது கொம்பனி இரகசியம்” எண்டார். கொம்பனியின்ர நம்பரைக் கேக்க, தந்த நம்பர் பாவனையில இல்லை. 18,500 ரூபாவில பாதியையாவது தாங்கோ, மிச்சக் கட்டியைத் திருப்பி அனுப்புறன் எண்டும் கேட்டுப் பார்த்தன். மெசேஜைப் பார்த்த அடையாளம் விழுந்தது, பதில் இல்லை. வீடியோவுக்குக் கீழ நடந்ததை எழுதினன், கொஞ்ச நேரத்தில என்ர கொமென்ற் இல்லை, அந்தப் பக்கமே எனக்குத் தெரியுதில்லை. தங்கச்சியின்ர போனில பார்த்தா அதே ஆடுகள் அதே கட்டியை இன்னும் நக்கிக்கொண்டு நிக்குதுகள். அதுக்குக் கீழ துணுக்காய்ப் பக்கத்து அம்மா ஒராள் “விலை என்ன தம்பி?” எண்டு கேட்டிருக்கிறா. அவவுக்குத்தான் முதல் எழுத வெளிக்கிட்டன்.

என்ன செய்யலாம் எண்டு விரிவா எழுத இருந்தனான், மிச்ச ஆடுகளுக்கு ரெண்டாம் தரம் மருந்து பருக்க வேணும், நேரம் இல்லை. அவசரமாச் சொல்லுறன். மருந்தின்ர பேரும் அளவும் லேபிளில இல்லாத எதையும் மிருகத்துக்குக் குடுக்காதேங்கோ. செம்மறிக்கு எழுதின அளவு வெள்ளாட்டுக்குக் காணாமலும் போகலாம், அளவை மிருக வைத்தியரிட்டக் கேளுங்கோ. புழுக்கையைக் கொண்டுபோய்க் காட்டினாக் காணும், அவையே பார்த்துச் சொல்லுவினம். எதோட கலந்து குடுக்கலாம் எண்டதையும் அவையிட்டயே கேளுங்கோ, பாலோட வேண்டாம். பனி காய முதல் ஆட்டைப் புல்லில விடாதேங்கோ, புழுக்குஞ்சு ஈரப் புல்லில ஏறி நிக்கும். ஏலுமெண்டா புல்லுக்குப் பதிலா கிளுவை, பூவரசங் குழை வெட்டிக் கட்டித் தொங்கவிடுங்கோ. ஆட்டைப் பிடிக்க ஆளில்லையெண்டா அயலில ஒராளைக் கூப்பிடுங்கோ, நானும் அப்பிடித்தான் இப்ப செய்யிறன், பின்வளவு அண்ணை வந்து பிடிக்கிறார்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 எண்ட நம்பரில முறையிடலாம். ஒராள் சொன்னா 18,500 ரூபா, பத்துப் பேர் சேர்ந்து சொன்னா அது வேற. மண்ணிறக் கட்டி, பனங்கட்டி மணம், லேபிளில மருந்துப் பேர் இல்லை, அம்மாவின்ர வொய்ஸ் மெசேஜ் வந்தது. இப்பிடி வாங்கின ஆக்கள் எனக்கு உள்பெட்டியில எழுதுங்கோ. பாங்க் ரிசீற், கூரியர்ப் பெட்டியில ஒட்டின துண்டு, மிஞ்சின கட்டி ஒண்டையும் எறிஞ்சிடாதேங்கோ, அவர் அழிக்க முதல் மெசேஜுகளையும் படம் எடுத்து வைச்சிடுங்கோ.